மலையேறாத அம்மா எழுதுறது

ஏலே மகனே,

அன்புள்ளன்னு எழுதிட்டு அடிச்சிட்டேன். அன்பு எங்கயும் ஓடிப்போயிறல, வீட்டுலதான் கெடக்கு. இன்னைக்கு அத வெளிய எடுக்க மனசில்ல. நலமான்னும் கேக்க மாட்டேன். நீ நலமாத்தான் இருக்கே, போஸ்டர்ல பாத்தேன். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல, பரோட்டாக் கடைக்குப் பக்கத்துச் சுவத்துல, மூட்டுவலித் தைல விளம்பரத்துக்கு மேல ஒட்டிருக்கான். காவி ஜிப்பா, கழுத்து நெறைய உருத்திராட்சம், முதுகுக்குப் பின்னால ஒரு மலை, மலைக்குப் பின்னால சூரியன். அந்தச் சூரியனுக்குள்ள அரைக்கண்ணு மூடிக்கிட்டு ஒரு பொம்பள. யாரு இவன்னு கண்ணாடிய மாட்டிப் பாத்தா, நான்! போன தைப்பொங்கலுக்கு நீ எடுத்த படம். பானையக் குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னேன், பொக அடிச்சுது, கண்ணச் சுருக்குனேன். அத வெட்டி எடுத்துத் தியானம்னு போட்டுட்டே. பானைய மட்டும் காணோம்.

கீழ எழுத்து வேற. "சதுரகிரி சித்தர் வழிவந்த யோகினி அம்மையார் தம் திருக்கரங்களால் திறந்து வைத்து அருளுரை வழங்குவார்." அருளுரையாம்! காலையிலதான் தெருவுல நின்னு, கத்திரிக்கா அம்புட்டும் சொத்தைன்னு காய்க்காரங்கூட மல்லுக்கு நின்னுட்டு வந்துருக்கேன். திருக்கரத்துல இன்னும் வெங்காய வாசம் போகல. நீ ஊருக்கே போஸ்டர் ஒட்டிட்டதால நானும் ஊருக்கே எழுதுறேன். இது ஒறை ஒட்டாத கடுதாசி. மொதல்ல ஒன் கைக்கு வரும். ஞாயித்துக்கெழமைக்குள்ள நீயே திருத்திட்டா இது நம்ம ரெண்டு பேருக்குள்ள. இல்லேன்னா நம்ம கிளாஸ் வாசல்ல, அந்தத் தைல விளம்பரத்துக்குப் பக்கத்துல, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல ஒன் மாடிப்படிக்குக் கீழ, மூணு எடத்துலயும் ஒட்டுவேன். பசை எங்கிட்டயும் இருக்கு.

விவரம் தெரியாம வாசிக்கிறவியளுக்கு ஒரு வார்த்த. எம்மகன் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு மாடிய வாடகைக்குப் பிடிச்சு யோகா நிலையம் தொறக்கான். வார ஞாயித்துக்கெழம தொறப்பு விழா. நான் இங்க ராஜபாளையத்துல பதினெட்டு வருசமா யோகா சொல்லிக் குடுக்கேன். அதுக்கு முன்னால பதினேழு வருசம் மேடையில டான்ஸ் ஆடுனேன். இந்த ரெண்டாவது வரி எம்மகனுக்குப் பிடிக்கல. அதனால அத அழிச்சிட்டு, அந்த எடத்துல ஒரு சித்தர உக்கார வச்சு, நான் மேடையில ஒப்பிக்க வேண்டியதுன்னு ரெண்டு பக்கம் டைப் அடிச்சு அனுப்பிருக்கான். அம்புட்டுத்தான் விசயம்.

சரி, இனி ஒங்கூடப் பேசுறேன். "இளம் வயதிலேயே உலக இன்பங்களைத் துறந்து சதுரகிரி மலை ஏறினேன்." எழுதும்போது கை கூசல? சாமிதான்லே மலையேறும், நான் ஏறல. ஒரே ஒரு ஆடி அமாவாசைக்கு ஒங்கப்பாகூட அடிவாரம் வரைக்கும் போனேன். கூட்டத்தப் பாத்துட்டு, செத்த நேரம் உக்காந்து சுண்டல் தின்னுட்டு, திரும்பி வந்துட்டோம். உலக இன்பத்த நான் தொறக்கவும் இல்ல. அது எந்தப் பக்கம் இருக்குன்னே அப்ப எனக்குத் தெரியாது. நான் ஏறுனது மரப்பலகை மேடை. பதினாறு வயசு. சேத்தூர்ல ஒரு கோயில் பொங்கல். பச்சக் கலர்ல, மினுமினுன்னு சமுக்கி வச்ச பாவாட, அது இடுப்புல நிக்காம ஊக்கு குத்திருந்தேன். எங்க ஆடல் பாடல் செட்டுக்கு ஒரு மாஸ்டர் இருந்தாரு, ஒல்லியா, பீடி நாத்தத்தோட. மேடைக்குப் பின்னால என் தாடையப் பிடிச்சு, "ஏட்டி, காலு தப்புனா எவனும் பாக்க மாட்டான். பல்லு மறைஞ்சா அம்புட்டுப் பயலும் பாப்பான். விழுந்தாலும் சிரிச்சுக்கிட்டே விழு"ன்னாரு. அன்னைக்குப் பூட்டுன சிரிப்பு. ஊக்கு வயித்துல குத்துச்சு, ரத்தம் வந்துச்சு, நான் சிரிச்சுக்கிட்டே ஆடுனேன். ஆட்டம் எனக்குப் பிடிச்சும் இருந்துச்சு. பாவப்பட்டு, வேற வழியில்லாம ஆடுனேன்னு யாராவது கண்ணீர் வடிச்சா அதுவும் எனக்கு வேண்டாம். நல்லா ஆடுனேன்லே. என்னையப் பாக்கத் தேவதானத்துலருந்தும் சேத்தூர்லருந்தும் ஆளுக மாட்டுவண்டியிலயும் டிராக்டர்லயும் வந்தாவ.

எங்க ஆட்டத்துக்கு வந்த மைக் செட்டுக்காரருதான் ஒங்கப்பா. எனக்குப் பாட்டுப் போட்டவரு. ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு ஆரம்பிக்கிறதுக்குள்ள எனக்குத் தண்ணி குடிக்க நேரம் வேணும்னு, கேசட்ட மாத்தத் தெரியாதவரு மாதிரி தடவிக்கிட்டே நிப்பாரு. சனம் விசிலடிச்சு வையும். அவரு காதுலயே வாங்க மாட்டாரு. அதப் பாத்துத்தான் கட்டிக்கிட்டேன். ஒன் டைப்படிச்ச பேப்பர்ல அவரையும் காணோம். நான் அவர்ட்ட காட்டுனேன். கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு, "பையன் நல்லாத்தான் எழுதிருக்கான், எழுத்துப்பிழை இல்ல"ன்னு சொல்லிட்டு ஸ்பீக்கர் வயர ஒட்டப் போயிட்டாரு. அவரு அப்படித்தான், நான் அப்படி இல்ல.

இப்ப என் வண்டவாளத்துக்கு வாரேன். ஒன்னைய மட்டும் காறித் துப்பிட்டுப் போனா அது நியாயமில்ல. நீ நாலாப்பு சேரும்போது ஸ்கூல்ல ஒரு பாரம் குடுத்தாவ. தகப்பனார் தொழில், தாயார் தொழில்னு ரெண்டு கட்டம். தகப்பனாருக்கு ஒலிபெருக்கின்னு எழுதுனேன். தாயார் கட்டத்துல பேனா நின்னு போச்சு. நீ பக்கத்துல நின்னே, ட்ரவுசர் பையில கைய விட்டுக்கிட்டு. "அம்மா, தையல்னு போடும்மா. நீதான் சமுக்கி தைக்கியே"ன்னே. ஒம்பது வயசு கூட ஆகல, என்னா மூளை! நானும் தையல்னு எழுதுனேன். எழுதிட்டு ஒன் தலையத் தடவிக் குடுத்து, முட்டாய் வேற வாங்கிக் குடுத்தேன். அன்னைக்கே ஒன் மண்டையில ரெண்டு போட்டு, "ஆட்டம்னு எழுதுவேன்லே, ஒனக்கு வெக்கமா இருந்தா நீ வேற ஸ்கூலுக்குப் போ"ன்னு சொல்லிருக்கணும். சொல்லல. எனக்கும் உள்ளுக்குள்ள வெக்கந்தான். அந்த ஸ்கூல்ல நீ படிச்ச அம்புட்டு வருசமும் நான் தையக்காரி. ஒரு டீச்சரம்மா ஜாக்கெட் துணியக் குடுத்து விட்டாவ. அத நான் தெக்குத் தெருவுல ஒருத்திகிட்டக் குடுத்துத் தச்சு, நானே தச்ச மாதிரி அனுப்புனேன். இப்ப நீ பண்ணுற கூத்துக்கு அன்னைக்கு வெத போட்டவ நாந்தான். இன்னைக்கு ஒன்னையத் திட்டும்போது பாதித் திட்டு எனக்கும்னு வச்சுக்கோ. ஆனா ஒனக்குத்தான் பெரிய பாதி.

பொறவு நடந்ததெல்லாம் ஒனக்குத் தெரியும். இருந்தாலும் சித்தர் வந்து ஒன் மூளையக் கலக்கிட்டதால திரும்பச் சொல்லுதேன். தேவதானத்துல ஒரு பொங்கலுக்கு, சாயங்காலம் மேடையப் பாக்கப் போனோம். மேடை கட்டுனவன் ரெண்டு பலகைக்கு நடுவுல ஆணி அடிக்கல. நான் சுத்துனேன், பலக ரெண்டும் வெலகுச்சு, இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டேன். கீழ நாக்காலி போட்டுக்கிட்டு இருந்தவன் என்னைய நிமுந்து பாத்துட்டு, "ஏ, அக்கா காமெடி பண்ணுதுலே"ங்கான். ஏன்னா நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்! முதுகெலும்பு போன மாதிரி வலி, கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு. ஒங்கப்பா மட்டுந்தான் ஓடி வந்தாரு. அந்தச் செட்டு அதே வாரத்துல வேற ஆளப் பிடிச்சிருச்சு. சமுக்கிப் பாவாடையக் கூட வந்து வாங்கிட்டுப் போயிட்டாவ. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஒடம்புப் பயிற்சி குடுக்குற ஒரு நர்சம்மா என்னையப் பாயில படுக்கப் போட்டு, ஒத்தக் கால மெதுவாத் தூக்கச் சொன்னாவ. நான் பல்லக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அவிய குனிஞ்சு, "இங்க யாரும் கை தட்ட மாட்டாவ. வலிச்சா மூஞ்சியக் கோணிக்கோங்க. அப்பத்தான் எந்த எடத்துல நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்"ன்னாவ. எனக்கு யோகா அங்கதான் ஆரம்பிச்சுது. கொகையில இல்லலே, மூணாம் நம்பர் வார்டுக்குப் பக்கத்துல, பினாயில் நாத்தத்துல.

நடக்க ஆரம்பிச்ச பொறவு மதுரைக்கு சனி, ஞாயிறு பஸ் ஏறி டிப்ளமோ படிச்சேன். ஒனக்கு இட்லி அவிச்சு வச்சுட்டுப் போவேன். ஆசனம் எனக்கு ஈசியா வந்துச்சு. காலத் தூக்கித் தலைக்கு மேல வைக்கணுமா, வச்சிருவேன். கூடப் படிச்சவளுக வாயப் பொளந்தாளுக. நானும் பெரிய இவ மாதிரி திரிஞ்சேன். பரிச்சைக்கு ஒரு அம்மா வந்தாவ, வெள்ளச் சேல, சுருக்கமாப் பேசுவாவ. ஒத்தக் கால்ல நின்னேன், வில்லா வளைஞ்சேன், எல்லாத்துலயும் முப்பத்திரண்டு பல்லும் வெளிய. அவிய மார்க்கக் குறிச்சுக்கிட்டே வந்தாவ. கடைசியாச் சவாசனம். பொணம் மாதிரி மல்லாக்கப் படுத்துக் கெடக்கணும், அதுக்கு என்ன பரிச்சைன்னு படுத்தேன். பக்கத்துல வந்து நின்னாவ. "ஏம்மா, பொணம் சிரிக்குமா?"ன்னாவ. அறையில அம்புட்டுப் பேரும் சிரிச்சாவ. எனக்கு மட்டும் சிரிப்ப நிறுத்த முடியல. நெசமாவே முடியல. தாடைய இறக்குனா உதடு ஏறுது, உதட்டப் பிடிச்சா கன்னம் இழுக்குது. பதினேழு வருசமாப் பூட்டுன பூட்டு, தொறவுகோல் தொலைஞ்சு போச்சு. அந்த ஒரு ஆசனத்துல ஃபெயில். ஊர்ல எவனாவது படுத்துக் கெடக்கிறதுல ஃபெயிலாகிருக்கானா? நான் ஆனேன். திரும்ப ஆறு மாசம் கண்ணாடி முன்னால படுத்து, மூஞ்சியத் தொங்கப் போடப் பழகுனேன். நீ அப்பக் கதவச் சாத்திக்கிட்டு, "அம்மாவுக்குக் கிறுக்கு"ன்னு அப்பாட்டச் சொன்னே. காதுல விழுந்துச்சு.

டிப்ளமோவ வாங்கிட்டு, மில்லு ஹாஸ்டல்ல கிளாஸ் எடுத்தேன். எட்டு மணி நேரம் நின்னு நூல் முடிச்சுப் போடுற பிள்ளைக, காலு வீங்கி, இடுப்பு கழண்டு வருவாளுக. அதுல முத்துமாரின்னு சேத்தூர்க்காரி ஒருத்தி. அவளப் பத்தி இதுக்கு முன்னால ஒனக்கு நான் சொன்னதில்ல. ஒங்கப்பாவுக்கு மட்டுந்தான் தெரியும். கால நீட்டி உக்காந்து குனிஞ்சு பெருவெரலத் தொடணும். எல்லாரும் தொட்டுட்டாளுக, அவளுக்கு ஒரு சாண் கொறைஞ்சுது. நான் டான்ஸ்காரில்லா, வரிசையில ஒருத்தி மட்டும் தப்பா இருந்தா எனக்குப் பொறுக்காது. முதுகுல கைய வச்சு அமுக்கி, டான்ஸுக்கு எண்ணுற மாதிரி எட்டு வரைக்கும் எண்ணுனேன். மூஞ்சிய எட்டிப் பாத்தேன், சிரிச்சுக்கிட்டு இருந்தா. சரி, சொகமாத்தான் இருக்கான்னு நெனச்சு இன்னும் அமுக்குனேன். ஏழாவதுல அவ உள்ள என்னமோ நகந்துச்சு, என் உள்ளங்கையில தெரிஞ்சுது. மறுநாள் அவளால எந்திரிக்க முடியல. டிஸ்க் வெலகிருச்சுன்னு சொன்னாவ. மில்லு வேலயும் போச்சு. நான் சேத்தூருக்கு பஸ் ஏறிப் போயி அவ கட்டில்கிட்ட நின்னேன். "ஏன்ட்டி சிரிச்சே, வலிக்குன்னு கத்திருக்கலாம்லா?"ன்னு கேட்டேன், மானங்கெட்டுப் போயி அவளையே கேட்டேன். அவ, "நீங்க டீச்சரு. நீங்க அமுக்குனாச் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேங்க்கா"ன்னா.

அந்த ஒரு வார்த்த என்னையத் தூங்க விட்டதில்லலே. சிரிச்சுக்கிட்டே வலிய முழுங்குறது எப்படின்னு இந்த ஜில்லாவுலயே நல்லாத் தெரிஞ்சவ நான். நானே அத அவ மூஞ்சியில பாத்துட்டுச் சொகம்னு நெனச்சேன்னா, என்னைய என்னன்னு சொல்ல? அன்னையிலருந்து நான் ஆசனத்தப் பாக்குறதில்ல, மூஞ்சியப் பாக்கேன். எவ ஒருத்தி குனியும்போது பல்லக் காட்டுறாளோ அவள ஒடனே எழுப்பிருவேன். "சிரிக்காதட்டி, இங்க எவனும் விசிலடிக்கப் போறதில்ல"ன்னு வைவேன். காலம்பற கிளாசுக்கு வார மில்லு மொதலாளி வீட்டு அம்மாமாருக்கு இது பிடிக்காது. அவியளுக்கு ஊதாக் கலர்ல பாயும், அதுக்குத் தோதா ட்ரெஸ்ஸும், கடைசியில ஒரு செல்ஃபியும் வேணும். சிரிக்காம எப்படி செல்ஃபி எடுக்கன்னு கேப்பாவ. எடுக்காதீங்கம்பேன். ஹாஸ்டல் பிள்ளைக எனக்கு வச்ச பேரு டான்ஸக்கா. "ஏட்டி, டான்ஸக்கா வருது, மூஞ்சியத் தொங்கப் போடு"ன்னு அதுகளுக்குள்ளயே கேலி பண்ணும். எனக்கு யோகினியும் வேண்டாம், அம்மையாரும் வேண்டாம். டான்ஸக்கா போதும்.

இப்ப ஒங்கிட்ட வாரேன் தொரை. இஞ்சினீயருக்குப் படிச்சே, சென்னையில கம்ப்யூட்டரப் பாத்தே, கழுத்து பிடிச்சுக்கிச்சுன்னு வேலைய விட்டே. அதுல தப்பில்ல. வடக்க போயி ஒரே ஒரு மாசம் இருந்தே, ஒரு சர்டிபிகேட்டும் அரை அடித் தாடியும் வாங்கிட்டு வந்தே. நான் ஒத்தச் சவாசனத்துக்கு ஆறு மாசம் கெடந்தேன். நீ வந்து எறங்கும்போதே பேச்சு மாறிப் போச்சு. தண்ணி குடும்மான்னு கேக்குற பய, "அம்மா, ஒங்க எனர்ஜி இன்னைக்கு லோவா இருக்கு"ங்கே. என் எனர்ஜி லோ இல்லலே, ரேசன் கடையில ரெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்துருந்தேன். இம்புட்டையும் நான் பொறுத்துக்கிட்டேன். புதுசா வேல பழகுற பய, செத்த நாள் பந்தா பண்ணிட்டுப் போகட்டும்னு விட்டேன். போன வாரம் ஒன் மாடிக்கு வந்தேனே, நெனப்பு இருக்கா? நீ கீழ பேனர் கட்டுறவன்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தே. மேல, தொறப்பு விழாவுக்கு முன்னாலயே சேந்துட்ட எட்டுப் பேரு சர்வாங்காசனத்துல, தோள்ல நின்னுக்கிட்டு கால மேல தூக்கி வச்சிருந்தாவ. பாத்துக்கிட ஒரு ஆள் கெடையாது. ஓரத்துல ஒரு பெரியவரு, அறுபத்தஞ்சு இருக்கும், மூஞ்சி செக்கச் செவேல்னு. தலைகீழா நின்னுக்கிட்டு என்னையப் பாத்துச் சிரிச்சாரு. அந்தச் சிரிப்ப எனக்குத் தெரியும்லே!

ஓடிப்போயிக் காலப் பிடிச்சு மெதுவா இறக்கி, சுவத்துல சாய்ச்சு உக்கார வச்சேன். தபாலாபீசுல வேல பாத்து ரிட்டயர் ஆனவராம். "அய்யா, கழுத்து வலிக்கலையா?"ன்னு கேட்டேன். "வலிக்கத்தாம்மா செய்யுது. வலது கையில ரெண்டு வெரலு நாலு நாளா மதமதன்னு கெடக்கு. தம்பி சொன்னாரு, வலிச்சா கர்மா கழியுதுன்னு அர்த்தமாம். அவரு அம்மாவுக்கு மலையில சித்தரு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாராமே"ன்னாரு. பொறவு என் மூஞ்சிய உத்துப் பாத்துட்டு, இழுத்துக் கட்டிருந்த வேட்டிய எறக்கி விட்டு, கையெடுத்துக் கும்பிட்டாரு. "நீங்கதானா அந்த அம்மா?" ஏலே, என்னைய விட மூத்த மனுசன், வெரலு மரத்துப் போன கையால என்னையக் கும்பிட்டாருலே. எனக்கு அந்த எடத்துலயே ஒன் தாடியப் பிடிச்சு இழுக்கணும்னு இருந்துச்சு. அவர அன்னைக்கே டாக்டர்ட்டப் போகச் சொன்னேன். கழுத்தெலும்பு தேஞ்சிருக்காம், இனிமே தலைகீழா நிக்கவே கூடாதுன்னுட்டாவளாம். ஒனக்கு அவரு சொல்லிருக்க மாட்டாரு. சித்தரு கோவிச்சுக்கிடுவாருன்னு பயந்துருப்பாரு.

அன்னைக்கு மாடிப்படியில வச்சு ஒங்கிட்டக் கேட்டேன். நீ என்ன சொன்னே? "அம்மா, இது மார்க்கெட்டிங்மா. ஆடல் பாடல்ல ஆடுனவ மகன்னு போட்டா எவன்மா வருவான்? எல்லாரும் ஒரு கத சொல்லுதான், நானும் சொல்லுதேன். யாருக்கு என்ன நட்டம்?" நட்டமா? ரெண்டு வெரலுலே! அது போதாதா? ஒன் கதைய நம்புறவன் தன் கழுத்த நம்ப மாட்டான். வலிக்குதுன்னு ஒடம்பு கத்தும், கர்மான்னு இவன் சிரிப்பான். டீச்சருன்னு ஒரு சொல்லுக்கே முத்துமாரி முதுகக் குடுத்தா. சித்தருன்னா உசுரையே குடுத்துருவாவலே, கூறுகெட்டவனே. நான் பண்ணுன தப்ப நீ ஒரு மலைய முட்டுக் குடுத்துப் பண்ணுறே, அம்புட்டுத்தான் வித்தியாசம். எனக்குத் தெரிஞ்ச வித்த ஒண்ணே ஒண்ணு, சிரிக்கிற மூஞ்சியில வலியக் கண்டுபிடிக்கிறது. அது சமுக்கிப் பாவாட கட்டி ஆடுனதுலதான் வந்துச்சு. நீ எதத் தொடச்சு எறிஞ்சியோ, ஒனக்குச் சொல்லிக் குடுக்க எங்கிட்ட இருந்தது அது மட்டுந்தான். வந்து பத்து நாள் என் கிளாஸ்ல பின் வரிசையில நின்னு பாருன்னு எத்தன தடவ கூப்புட்டேன்? மில்லுப் பிள்ளைககூட நிக்க தொரைக்கு மரியாதக் கொறச்சல்.

ஞாயித்துக்கெழம நான் வருவேன். வராம இருந்துக்கிடுவான்னு நெனச்சுக்கிடாத. நல்ல சேல கட்டி, பூ வச்சு, காலைல மொதல் பஸ்ஸுக்கே வாரேன். குத்துவிளக்கையும் ஏத்துவேன், எம்பிள்ள கட, நான் ஏத்தாம எவ ஏத்துவா. மைக்க எங்கிட்டத் தந்தா பாதியில புடுங்கிரலாம்னும் நெனைக்காத. மைக் செட்டு ஒங்கப்பாவோடது. அவர்ட்டக் கேட்டுட்டேன். "நீ பேசி முடிக்கிற வரைக்கும் நான் சுவிட்சுப் பக்கமே போக மாட்டேன்"னு சொல்லிட்டாரு. கல்யாணம் ஆனதுலருந்து அந்த மனுசன் என்னைய எதுத்துப் பேசுனதும் இல்ல, இப்படி எம்பக்கம் நின்னு பேசுனதும் இல்ல. மொதல் தடவ. அதனால அதுக்குள்ள நீயே அந்தச் சித்தரு பேனரக் கழட்டிரு. தபாலாபீஸ் அய்யா வீட்டுக்குப் போயி, தப்பு எம்மேலதான்னு சொல்லு. நிலையத்த மூடச் சொல்லல. பயலுக்கு வேல வேணும், எனக்குத் தெரியும். ஆடுனவ மகன், ஒரு மாசந்தான் படிச்சிருக்கான், மிச்சத்த அம்மாகிட்டப் படிக்கான்னு எழுதிப் போடு. எட்டுப் பேருல ரெண்டு பேருதான் வருவாவன்னா ரெண்டு பேருக்குச் சொல்லிக் குடு.

ஒன் பேப்பர்ல இன்னும் ஒரு வரி இருக்கு. ரெண்டாம் பக்கத்துல அடியில, தடிச்ச எழுத்துல போட்டுருக்கே. இங்க நிறுத்தி கைதட்டுக்குக் காத்திருக்கவும்னு வேற பக்கத்துல குறிச்சிருக்கே. "பதினெட்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரை, ஏழு ஆண்டுகள், மனித முகமே பாராமல் குகையில் தவமிருந்தேன்." மத்தத எல்லாம் வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சேன்லே, இத மட்டும் வெரல் விட்டு எண்ணிப் பாத்தேன். எனக்கு இருபத்தி ரெண்டு நடக்கும்போது நீ பொறந்தே. அஞ்சு மாசம் வரைக்கும் ஒன்னைய வயித்துல வச்சுக்கிட்டுப் பாவாடைய அவுத்து அவுத்துத் தச்சு ஆடுனேன். அஞ்சாம் மாசம் நீ மொத மொதல்ல ஒதச்சே, நான் ஆட்டத்துல அடி தப்புனேன், ஒங்கப்பா பாட்ட நிறுத்திட்டாரு. ஒனக்கு மூணு வயசு ஆகுற வரைக்கும் இடுப்ப விட்டு எறக்குனதில்ல. அந்த ஏழு வருசத்த எடுத்து நீ ஒரு கொகையில போட்டு மூடிட்டே. நான் தவமிருந்தேன்னா அப்ப நீ எங்கலே இருந்தே? இந்தப் பேப்பர நான் மேடையில நின்னு வாசிச்சா, எனக்குப் பிள்ளையே பொறக்கலன்னு ஊரறியச் சொன்ன மாதிரி ஆகும். வேற என்ன பொய் வேணும்னாலும் கேளு, யோசிச்சுப் பாக்கேன். இத மட்டும் பெத்தவ வாயால சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு
ஒன் அம்மா